கேட்டு எடுத்த தண்ணீர்

செம்பூர்
7 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பேராச்சி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை; முழங்கால் வலிகூட இந்த மாதம் அடங்கிக் கிடக்கிறது. உங்கள் கழுத்துக் குழாயை இப்போது நீங்களே சுத்தம் செய்துகொள்கிறீர்களா, மதினிதான் செய்கிறாளா? குரல் போன பிறகு உங்களோடு பேச எனக்குக் கடிதம் ஒன்றுதான் வழி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்கும்போது, உண்மையாகவே கடிதம் எழுதும் டீச்சர் மும்பையில் நான் ஒருத்திதான் என்று பெருமையடித்துக்கொள்கிறேன்.

இன்று காலை எழுந்ததும் பால் வாங்கக்கூடப் போகாமல் முதலில் செய்தது, தலையணைக்கு அடியில் இருந்த ஸாத்பாராவை எடுத்து உங்கள் பெயரை வாசித்ததுதான். நம் ஊர்ப் பட்டா மாதிரியான அந்த ஒற்றைத் தாளில், கர்ஜத் பக்கத்து மூன்று ஏக்கருக்கும் சொந்தக்காரர் வானமாமலை என்று இருக்கிறது. பத்தொன்பது வீட்டு ஆட்கள் சேர்ந்து வாங்கிய இடம். இந்த மாநிலத்தில் விவசாய நிலம் வாங்க விவசாயி என்று காகிதம் காட்ட வேண்டும். ஊரில் சொந்தப் பட்டா உங்களிடம் மட்டும்தான் இருந்தது என்பதால் உங்கள் பெயரில் வாங்கினோம். முப்பத்தேழு வருஷம் ஆகிவிட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

நேற்று தாராவியில் ஜெயினுலாப்தீன் மாமாவின் பை தைக்கிற பட்டறையில், அந்த இடத்தை என்ன செய்வது என்று கூட்டம். இசக்கிப்பாண்டிதான் முதலில் எழுந்தார்.

“மூணு ஏக்கர் சும்மா கெடக்கு. ஆளுக்கு ஒரு துண்டா வித்துட்டு அவனவன் சோலியப் பாக்கலாம். அத வுட்டுட்டு மரத்துக்கும் கொக்குக்கும் என்னைக் காவல் இருக்கச் சொல்லுதிய?”

மாமா தையல் மிஷினில் இருந்து நிமிராமலே சொன்னார்: “வே பாண்டி, தாராவிய இடிச்சுக் கட்டப்போறோம்னு போன வாரம் வந்தவன் உம்ம ரூமை அளந்துட்டுக் கதவுல நம்பர் எழுதிட்டுப் போனாம்லா, உம்மகிட்ட கேட்டா எழுதினான்? நாப்பது வருசம் இருந்த ரூமு. நாளைக்கு எங்க இருப்போம்னு உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு எடமாவது யாரும் வாங்க முடியாம, விக்க முடியாம கெடக்கட்டும். நாமளே நெனச்சாலும் விக்க முடியாதுன்னு எழுதிருவோம்.”

“பாண்டியண்ணனுக்கு ஒரு கொக்கு வறுத்துக் குடுங்க, கையெழுத்துப் போட்டுருவாரு” என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, அவரே சிரித்துவிட்டார். கடைசியில் பத்தொன்பது கையும் தூக்கியாகிவிட்டது. நம் பத்தொன்பது வீடும், பக்கத்து உம்பர்வாடி ஆதிவாசிகள் பதினொரு வீடும் சேர்ந்து ஒரு டிரஸ்ட். ஊற்றும் அத்திமரங்களும் காடும் எல்லாருக்கும் பொது. விற்பதில்லை, கட்டுவதில்லை, வெட்டுவதில்லை, என்றைக்கும்.

பத்திரம் தயாராகிறது. மார்ச்சில் நீங்கள் வந்து கர்ஜத் ரிஜிஸ்டர் ஆபீசில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். தங்குவதற்கு என் ஒற்றை ரூம் இருக்கிறது. மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
பேராச்சி

*

நாங்குநேரி
19 ஜனவரி 2025

அன்புத் தங்கை பேராச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. நானும் உன் மதினியும் சுகம். குழாயை நானே கழுவப் பழகிவிட்டேன். மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்காதே, சின்னதிலிருந்தே உனக்கு அந்தக் கெட்ட பழக்கம்.

நீங்கள் எடுத்த முடிவு எனக்குச் சம்மதம். நிலம் என் பெயரில் இருப்பது வெறும் பெயர்தான் அம்மா. அது பத்தொன்பது வீட்டுச் சொத்து என்று நான் என்றைக்கும் மறந்தது இல்லை.

உனக்கு ஒன்று தெரியாது. கிரயம் முடிந்த மறுநாள் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். நேராக நம் இடத்துக்குப் போகவில்லை. தேங்காயும் வெற்றிலை பாக்கும் ஒரு தட்டில் வைத்து உம்பர்வாடிக்குப் போனார். அங்கே ஒரு கிழவி, இப்போது இருக்கிற சகுணாபாயின் மாமியார். அப்பாவுக்கு மராத்தி வராது, நான்தான் சொன்னேன்: “இந்த ஊற்று உங்க ஊற்று. நாங்க இப்பத்தான் வந்திருக்கோம். இதுல தண்ணி எடுத்துக்கிட, இங்க வந்து போக எங்களுக்கு அனுமதி தரணும்.” கிழவி சிரித்துவிட்டாள். காசு கொடுத்து வாங்கியவன் தட்டோடு வந்து நிற்கிறானே என்று. தேங்காயை அங்கேயே உடைத்து எங்களுக்குப் பாதி கொடுத்தாள். திரும்பும்போது அப்பா சொன்னார், “காகிதம் நமக்கு, ஊத்து அவளுக்கு”. எழுதும்போது கண் கலங்குகிறது.

மார்ச்சில் கண்டிப்பாக வருகிறேன்.

ஊற்றில் இப்போது தண்ணீர் எவ்வளவு? கோடையில் எந்த மாதம் வரை நிற்கிறது? வாடிக்காரர்கள் எந்தப் பக்கமாக வந்து போகிறார்கள், யாராவது குடிசை போட்டிருக்கிறார்களா, உங்களைக் கேட்டு எடுக்கிறார்களா? எல்லாம் விவரமாக எழுது. நேரில் பார்த்த மாதிரி இருக்கும்.

அண்ணன்,
வானமாமலை

*

செம்பூர்
4 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ஜெயினுலாப்தீன் மாமாவுக்குப் போனில் வாசித்துக் காட்டலாம் என்று எடுத்தேன். அப்பா தட்டோடு நின்ற இடம் வந்ததும் முடியவில்லை, வைத்துவிட்டேன். மாத்திரைக்குத் தண்ணீர் குடிக்கிறேன். உங்களுக்கு இருமல் எப்படி?

ஞாயிற்றுக்கிழமை குர்லாவில் கர்ஜத் வண்டி பிடித்து, ஷேர் ஆட்டோவில் போய், நீங்கள் கேட்டதெல்லாம் பார்த்துவிட்டு வந்தேன். ஊற்று இடுப்பளவு. மே மாதத்திலும் வற்றுவதில்லை. மழை வருவதற்கு முந்தின வாரம்கூட முழங்கால் அளவு நிற்கும், பத்து வருஷமாகப் பார்க்கிறேன். அத்திமரம் ஆறு, ஊற்றைச் சுற்றி. பின்னால் சரிவு முழுக்கக் காடு. பழம் பழுத்தால் பச்சைப் புறாக்கள் வந்து இறங்குகின்றன. இலையும் புறாவும் ஒரே நிறம், அசையும்போதுதான் தெரியும்.

குடிசை ஒன்றும் இல்லை. வாடிப் பெண்கள் வடக்குப் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் குடத்தோடு வந்து போகிறார்கள். கேட்டு எடுக்கிறார்களா என்றீர்களே, அந்த மரியாதையைச் சொல்லி முடியாது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் முதல் வெள்ளரி காய்த்ததும் சகுணாபாய் ஒன்றைப் பறித்துக்கொண்டு வந்து என் கையில் வைத்து, “தாயி, இந்த வருஷமும் தண்ணி எடுத்துக்கட்டுமா?” என்று கேட்பாள். நான் “எடுத்துக்கோ” என்பேன். இருவரும் சிரிப்போம். கேட்காமல் ஒரு குடம் எடுத்ததில்லை. இடம் எங்களுடையது என்று ஒருநாளும் பேசியதில்லை. இப்படிப்பட்டவர்களோடு சேர்ந்து ஒரு பத்திரம் எழுதுவது நமக்குத்தான் கௌரவம்.

மார்ச் 21 வெள்ளிக்கிழமை என்று வக்கீல் நாள் சொல்லியிருக்கிறார். டிக்கெட் எடுத்ததும் எழுதுங்கள்.

தங்கை,
பேராச்சி

*

நாங்குநேரி
2 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். மார்ச்சில் டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பதால் வர இயலாது. கோடை கழியட்டும்.

உன் கடிதம் அருமையாக இருந்தது, அங்கேயே நிற்பது போல இருந்தது. ஊற்றிலிருந்து ரோடு எத்தனை அடி? கார் போகுமா? அத்திமரங்கள் ஊற்றுக்கு எந்தப் பக்கம்? மேட்டில் நின்றால் மலை தெரியுமா? எழுது.

அண்ணன்

*

செம்பூர்
24 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்கேன் என்ன ஆயிற்று? ஒரு வரி எழுதியிருக்கலாம். எனக்கு முழங்கால் மறுபடி ஆரம்பித்துவிட்டது, படியேறும்போது மட்டும்தான்.

நீங்கள் வரமாட்டீர்கள் என்று சொன்னதும் பட்டறையில் ஒரே கூச்சல். இசக்கிப்பாண்டி என்னைப் பார்த்துக் கேட்டார்: “டீச்சர், உங்க அண்ணாச்சிக்குத் தொண்டைதான போச்சி? கையுமா போச்சி?”

எனக்கு முகம் எரிந்தது. நான் பதில் சொல்வதற்குள் மாமா கத்தரிக்கோலை மேஜையில் வைத்தார். “வாய அடக்கும் வே. இந்தப் புள்ளைய காலேஜ் படிக்க வச்சது அவரு. ரயில்வே டூட்டி முடிச்சி வந்து, மாட்டுங்கா ஹோட்டல்ல கணக்கெழுதி ஃபீஸ் கட்டினாரு. அவரு வாக்கு மாறுனா நான் இந்த மிஷின வித்துருதேன்.”

அவர் சொன்னது உண்மை. எனக்குக் கல்யாணம் அமையாமல் போனபோதும், “புஸ்தகத்தோட இருந்துட்டுப் போறா, யாருக்கு என்ன?” என்று எல்லார் வாயையும் மூடியது நீங்கள்தான்.

கேட்டதற்குப் பதில்: ரோட்டிலிருந்து ஊற்று இருநூறு அடி, என் காலடியில் அளந்தேன். கார் போகாது, வழியில் பாறை ஒன்று இருக்கிறது, அது இருப்பதே நல்லது. மரங்கள் மேற்கே. மேட்டில் நின்றால் மாத்தேரான் மலை முழுக்கத் தெரியும். காலையில் அதன்மேல் வெயில் ஏறுவதைப் பார்க்க வேண்டும். நீங்கள் வந்தால் காட்டுகிறேன்.

தங்கை,
பேராச்சி

*

செம்பூர்
20 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. மதினிக்குப் போன் போட்டால், “உங்க அண்ணன் தூங்குதாவ” என்று வைத்துவிடுகிறாள். எப்போது போட்டாலும் தூக்கமா? உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் எழுதுங்கள். லீவு போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

ஊற்றில் தண்ணீர் இருக்கிறது. சொன்னேனே, முழங்கால் அளவு.

பேராச்சி

*

நாங்குநேரி
11 ஜூன் 2025

பேராச்சிக்கு,

நலமாக இருக்கிறேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. பயணம் செய்யும் நிலையில் இல்லை. பத்திர விஷயத்தை அவசரப்படுத்த வேண்டாம் என்று சங்கத்தாரிடம் சொல்.

வானமாமலை

(பின்புறம், பென்சிலில்)

பேராச்சி, நான் மாலதி மதினி எழுதுதேன். தபால்ல போடுதது நான்தான், அதான் ஒரு வரி. உங்கண்ணன் இப்ப சரியா சாப்பிடுததில்ல, சும்மா சுவத்தப் பாத்துட்டு இருக்காவ. நீ எழுதுத கடுதாசியெல்லாம் ரெண்டு தரம் மூணு தரம் வாசிப்பாவல்லா, இப்ப அதுவும் இல்ல. நம்ம பய மாரிக்கண்ணன் மும்பையில இருந்து வந்தா மொதல்ல அதத்தான் கேட்டு எடுத்துட்டுப் போறான். அத்தை எழுத்து மேல அவனுக்கு அம்புட்டுப் பிரியம். உடம்பப் பாத்துக்கோ.

*

செம்பூர்
30 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். கஞ்சியாவது குடியுங்கள். இங்கே மழை பிடித்துவிட்டது, நான் நன்றாக இருக்கிறேன்.

உங்கள் கடிதம் ஆறு வரி. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இத்தனை கடிதத்தில் முதல் தடவையாக ஊற்றைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

இன்னொன்று. என் கடிதங்களை மாரிக்கண்ணன் எடுத்துப்போவதாகத் தெரிகிறது. கோபர்கைரனேயில் இருக்கிற பையன், ஒரு மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கிற என்னை வந்து பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பத்தாவதில் நான்தான் சொல்லிக்கொடுக்கப் பார்த்து, தோற்றேன். வீடும் நிலமும் வாங்கி விற்றுக் கொடுக்கிறவனுக்கு என் கடிதம் எதற்கு?

பதில் எழுதுங்கள். நான் எதையும் தப்பாக நினைத்துக்கொள்ள விரும்பவில்லை.

தங்கை,
பேராச்சி

*

செம்பூர்
18 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வெள்ளரி காய்க்கிற மாதம் என்று நேற்று உம்பர்வாடிக்குப் போனேன். ரோட்டோரத்தில் ஒரு போர்டு. பச்சை நிறத்தில் மலை, நீல நிறத்தில் தண்ணீர். மராத்தியில் எழுதியிருந்தது: ‘மே மாதத்திலும் வற்றாத ஊற்று. மேட்டில் நின்றால் மாத்தேரான். காலையில் மலைமேல் வெயில் ஏறுவதை உங்கள் ஜன்னலில் இருந்து பாருங்கள்.’ கீழே மாரிக்கண்ணனின் போன் நம்பர்.

யாரோ என்னைப் போலவே எழுதுகிறார்களே என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணே, அவ்வளவு முட்டாள் நான்.

வழியில் இருந்த பாறையை எடுத்துவிட்டார்கள். கார் போகும். வடக்குப் பக்கத்துப் பாதையில், நான் சொன்ன அதே இடத்தில், முள்கம்பி. அந்தப் பக்கம் குடங்கள் வரிசையாக இருந்தன. சகுணாபாய் வெளியே வந்தாள். கையில் வெள்ளரி இல்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றிய வக்கீல் நோட்டீஸ் இருந்தது.

“தாயி, இதுல உன் கையெழுத்து இருக்குன்னு சொல்றாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. நீ படிச்சுச் சொல்லு” என்றாள்.

நோட்டீசோடு என் பிப்ரவரிக் கடிதத்தின் ஜெராக்ஸ். பக்கத்தில் மராத்தி மொழிபெயர்ப்பு. ‘கேட்காமல் ஒரு குடம் எடுத்ததில்லை’ என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. வாடிக்காரர்கள் இத்தனை காலமும் உரிமையாளரின் அனுமதி கேட்டுத்தான் தண்ணீர் எடுத்தார்கள், அனுமதி கொடுத்தவர் நிறுத்தலாம், ஆகவே ஊற்றின்மேல் அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை, இதை உரிமையாளரின் சொந்தத் தங்கையே எழுதியிருக்கிறார் என்று இரண்டு பக்கம்.

நான் அவளுக்குப் படித்துச் சொன்னேன். முழுக்கச் சொன்னேன்.

அவள் நோட்டீசை வாங்கித் திரும்பப் பிளாஸ்டிக் பையில் சுற்றினாள். பிறகு, “நான் வெள்ளரி கொடுத்ததை எழுதிக் கொடுத்தியா?” என்றாள். கோபமாகக்கூட இல்லை. “அது உனக்குன்னு கொடுத்தது, தாயி.”

வாடிக்குச் சர்க்கார் கொடுத்திருக்கிற வக்கீல் ஒரு சின்னப் பெண். அவள் வாங்கி வைத்திருந்த விற்பனை ஒப்பந்த நகலைக் காட்டினாள். உங்கள் கையெழுத்து ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. தேதி 11 டிசம்பர் 2024.

டிரஸ்ட் பற்றி நான் முதலில் எழுதியது ஜனவரி 7. அதற்கும் ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அப்படியானால் ‘மார்ச்சில் கண்டிப்பாக வருகிறேன்’ என்று எழுதியது யார்? தண்ணீர் எந்த மாதம் வரை நிற்கும் என்று கேட்டது யார்? நீங்கள் ஏக்கத்தில் கேட்கிறீர்கள் என்று நினைத்து, முழங்கால் வலியோடு காலடியில் அளந்து எழுதினேன். நான் வருணிக்க வருணிக்க நீங்கள் விலை பேசியிருக்கிறீர்கள்.

விற்றதைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பேன். வாடியை விரட்டுவதற்கு என் கையையா எடுத்தீர்கள்? எழுதக் கற்றுக்கொடுத்த கை உங்களுடையது.

பேராச்சி

*

நாங்குநேரி
9 செப்டம்பர் 2025

பேராச்சிக்கு,

நானும் மதினியும் நலம். நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய். படித்தவள், கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சட்டப்படி நிலம் என் பெயரில் இருக்கிறது. முப்பத்தேழு வருஷம் தீர்வை கட்டியது நான். மாரிக்கண்ணனுக்குத் தொழில் நொடித்துவிட்டது. இரண்டு பிள்ளைகள். அவன் அழுதால் நான் என்ன செய்வேன்? சத்தம் போட்டு மறுக்கக்கூட எனக்குத் தொண்டை இல்லை. பத்தொன்பது வீட்டுக்கும் அவன் ஏதாவது செய்வான், நான் சொல்லியிருக்கிறேன். காட்டையும் புறாவையும் வைத்துக்கொண்டு யார் பிழைக்கிறார்கள்?

உன் கடிதத்தை வக்கீலிடம் கொடுப்பான் என்று எனக்குத் தெரியாது. விளம்பரத்துக்கு என்றுதான் சொன்னான்.

ஒரு காரியம். நான் உனக்கு எழுதிய பழைய கடிதங்களை மதினி பார்க்க ஆசைப்படுகிறாள். குறிப்பாக இந்த வருஷம் எழுதியவை. மாரிக்கண்ணன் வருவான், அவனிடம் கொடுத்து அனுப்பு. நகல் எதுவும் எடுக்க வேண்டாம்.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடு.

அண்ணன்

*

செம்பூர்
22 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மழை விடுகிற காலம், தலையைத் துடைக்காமல் வெளியே உட்காராதீர்கள். மதினியின் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது?

மாரிக்கண்ணன் நேற்று வந்தான். கிங்ஸ் சர்க்கிளில் இருந்து ஒரு கிலோ முறுக்கு வாங்கி வந்தான். உட்காரவில்லை.

“அத்தை, அப்பா லெட்டர்ஸ் தர்றீங்களா? கீழ பார்க்கிங் இல்ல, வண்டி ரோட்டுல நிக்குது.”

“தமிழ் வாசிக்க வருமா இப்போ?” என்றேன்.

“அரே அத்தை, டென்ஷன் எடுத்துக்காதீங்க. பிசினஸ்ல இதெல்லாம் ஆகும். ஆதிவாசிங்களுக்குக் குழாய் போட்டுத் தரேன்னு சொல்லிருக்கேன், அவ்ளோதான். நீங்க யாருக்காகச் சண்டை போடறீங்க? நாங்கதான உங்களுக்கு?”

கடைசி வார்த்தையை அவன் உண்மையாகவே சொன்னான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடிதங்கள் எங்கே வைத்தேன் என்று தேட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவ்வளவுதான் இப்போதைக்கு எழுத இருக்கிறது.

தங்கை,
பேராச்சி

*

(மேலே உள்ள கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிய பிறகு எழுதிய தாள். தேதி இல்லை.)

அண்ணே,

இது உங்களுக்குத்தான். ஆனால் உங்களுக்கு வராது.

கடிதங்களை நான் தேட வேண்டியதே இல்லை. ஸாத்பாரா இருந்த இடத்தில், தலையணைக்கு அடியில் இருக்கின்றன. ஏன் திருப்பிக் கேட்டீர்கள் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு ஜனவரிக் கடிதத்தை எடுத்து வாசித்தேன். தட்டோடு அப்பா நிற்கிறார். ‘இந்த ஊற்று உங்க ஊற்று, எங்களுக்கு அனுமதி தரணும்.’ முதலில் கேட்டது நாம். கொடுத்தது அவர்கள். சகுணாபாய் ஆண்டுதோறும் கேட்டது மரியாதைக்கு. மாமியார் காலத்தில் நடந்ததற்கு அவள் செய்த பதில் மரியாதை. உங்கள் சொந்தக் கையெழுத்தில், உங்கள் சொந்தப் பேனாவில் எழுதியிருக்கிறீர்கள். என் கடிதத்துக்கு எதிரே வைக்க இந்த உலகத்தில் இருப்பது உங்கள் கடிதம் ஒன்றுதான்.

பொய் எழுதத்தான் உட்கார்ந்திருப்பீர்கள். பாதிப் பக்கத்துக்கு மேல் உங்களுக்குப் பொய் வரவில்லை. மீதிப் பக்கத்தில் அப்பா வந்துவிட்டார். அந்தப் பாதிப் பக்கத்துக்காகத்தான் இன்னமும் உங்களை அண்ணன் என்று எழுதுகிறேன்.

வாடியின் வக்கீல் பெண்ணிடம், பெயர் சொல்லாமல், இப்படி ஒரு கடிதம் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஊற்றுக்கும் பாதைக்கும் அது பெரிய பலம் என்றாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். அதே பக்கத்தில் ‘என் பெயரில் இருப்பது வெறும் பெயர்’ என்று இருந்தால், பெயரை இரவல் கொடுத்து வாங்கிய நிலம் என்று ஆகும். விற்பனை நின்றுபோகும். பெயர் கொடுத்தவரை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். நிலத்தைச் சர்க்காரே எடுத்துக்கொள்ளவும் கூடும். அப்போது உங்களுக்கும் இல்லை, மாரிக்கண்ணனுக்கும் இல்லை, பத்தொன்பது வீட்டுக்கும் இல்லை. பக்கத்தின் ஒரு பாதியைக் கிழித்து மறு பாதியை மட்டும் கொடுக்க முடியாது.

ஜெயினுலாப்தீன் மாமா வெள்ளிக்கிழமை பட்டறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். கேஸ் போடுவோம், நிலத்தை மீட்போம் என்கிறார். உங்கள் வாக்குக்காக மிஷினை விற்பேன் என்று சொன்னவர், இப்போது உங்கள் பெயரைச் சொல்லாமல் ‘அவரு’ என்கிறார். இந்தக் கடிதம் இருப்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் நிலம் போய்விடுமே என்று தடுப்பார். இசக்கிப்பாண்டி என்னையும் உங்களோடு சேர்த்துத் திட்டுவார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கும். நாளைக்கு நான் செய்யப்போவதும் ஒரு துரோகம்தான், பத்தொன்பது வீட்டுக்கு. அதை வேறு பெயர் சொல்லி எனக்கே மறைத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் நாம் அன்றைக்குக் கை தூக்கியது எதற்கு? நாமே நினைத்தாலும் விற்க முடியாத ஒரு இடத்துக்கு. நமக்கென்று எதுவும் மிஞ்சாமல் போனாலும், அந்தப் பதினொரு வீடும் குடத்தோடு அங்கே போய்வந்தால், அந்தக் காட்டின்மேல் கண் வைத்திருக்க ஆள் இருக்கும்.

சாயங்காலம் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போனேன். ஒரு தேங்காய், ஒரு கவுளி வெற்றிலை, பாக்கு வாங்கி வந்தேன். “என்னம்மா விசேஷம்?” என்று கடைக்காரர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மூன்றும் இப்போது என் பள்ளிக்கூடப் பையில், உங்கள் ஜனவரிக் கடிதத்தோடு இருக்கின்றன. நாளை முதல் கர்ஜத் வண்டி.

வக்கீலிடம் பிறகு போவேன். முதலில் சகுணாபாய் வீட்டு வாசலில் தட்டோடு நின்று, இந்த ஊற்றுக்கு நான் இனியும் வரலாமா என்று கேட்பேன்.